முதுகுவலி இயலாமை வினாநிரலின் தமிழாக்கம்: சொல்நிகரும் வாழ்வுநிகரும்

முன்னுரை

இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி நகர எலும்பியல் மருத்துவமனையில் உருவாகி, ஃபேர்பேங்க் குழுவினரால் 1980இல் வெளியிடப்பட்ட இயலாமைக் குறியீடு 10 பகுதிகளைக் கொண்டது. பகுதிக்கு 6 கூற்றுகள். 0 முதல் 5 வரை மதிப்பெண்கள். மொத்தம் விழுக்காடாக்கப்பெறும். வின்சென்ட் குழுவினர் இதனைத் தமிழாக்கி, நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் ஆய்ந்து 2014இல் வெளியிட்டமை பயனுள்ள தொடக்கமாகும். இத்தகைய தமிழாக்கங்களைத் திருவள்ளூர் மாவட்டக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளரிடம் பயன்படுத்துவதானால் எவற்றைக் கருத வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதுகும் இடுப்பும்

ஆங்கிலம் கீழ்முதுகு எனக் குறிப்பதைத் தமிழ்ப் பேச்சுவழக்கு பெரும்பாலும் 'இடுப்பு' என்றே வழங்குகிறது. 'முதுகு' எனக் கேட்டால் தோள்பட்டைக்கு இடைப்பட்ட பகுதியை எண்ணுவோரும் உண்டு. பீட்டன் குழுவினர் 2000இல் வகுத்த நெறிமுறை, தமிழாக்கத்தை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடச் சொல்கிறது. 'முதுகு' பிழையின்றி மூலத்திற்குத் திரும்பும். 'இடுப்பு' இடையாகவோ இடுப்பு மூட்டாகவோ திரும்பிப் பிழைபோலத் தோன்றும். ஆகவே, நோயாளிக்கு விளங்கும் சொல்லை விலக்கி, மொழிபெயர்ப்பாளருக்கு வசதியான சொல்லைத் தேர்ந்தெடுக்க இந்நெறிமுறையே தூண்டக்கூடும். வலியிடத்தைக் காட்டும் உடற்படத்தை வினாநிரலுடன் இணைப்பது இதற்கு எளிய தீர்வு.

விருப்பமும் வேலைநேரமும்

நிற்றல் பற்றிய கூற்று, விரும்பும் நேரம்வரை நிற்க இயலுமா என வினவுகிறது. உருக்காலையில் ஷிப்ட் முழுதும் நிற்பவருக்கு நிற்கும் நேரத்தை விருப்பம் முடிவுசெய்வதில்லை. வலியோடு நின்றவர் 'நிற்க முடிகிறது' என விடையளித்தால், கட்டாயம் திறனாகப் பதிவாகிறது. தூக்குதல் பகுதியும் பாரத்தை மேசைபோன்ற வசதியான இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமையை முன்னிறுத்துகிறது. ஒப்பந்தச் சுமைப்பணியில் அவ்வுரிமை அரிது. அமர்தல் பகுதி நாற்காலியை மையமாக்குகிறது. தரையில் சம்மணமிடுதலும் குந்தியமர்தலும் குறியீட்டில் இடம்பெறவில்லை.

விடுபடும் விடை

பாலுறவு பற்றிய பகுதியை விடையின்றி விட்டால், எஞ்சிய 9 பகுதிகளுக்கான 45 மதிப்பெண்களே பகுதியெண்ணாகும். அவற்றில் 20 பெற்றவருக்கு 44 விழுக்காடு. அது கடும் இயலாமை. அவரே விட்ட பகுதிக்கு 0 குறித்திருப்பின் 50இல் 20, அதாவது 40 விழுக்காடு. அது மிதமான இயலாமை. உடல்நிலை ஒன்றாயிருக்க, கூச்சம் வகைப்பாட்டை மாற்றிவிடுகிறது. குடும்பத்தை ஊரில் விட்டு விடுதியில் தங்கியுள்ள புலம்பெயர் தொழிலாளருக்கு இவ்வினா பொருந்தாமலும் போகலாம்.

முடிவுரை

உள்ளிசைவுக் கெழு உயர்ந்திருப்பதும், மறுசோதனையில் அதே விடை கிட்டுவதும் வினாவை உரியவாறு புரிந்துகொண்டமைக்குச் சான்றாகா. தவறான புரிதலும் மாறாதிருக்க வல்லது. முன்சோதனையில் ஒப்பந்தத் தொழிலாளரையும் எழுத்துப்பயிற்சி குறைந்தோரையும் சேர்த்து, ஒவ்வொரு கூற்றையும் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் எனக் கேட்டறிதல் வேண்டும். உலகளாவிய ஒப்பீட்டிற்காக 10 பகுதிகளையும் அவ்வாறே வைத்து, குந்துதல், தரையிலமர்தல், ஷிப்ட் முழுதும் நிற்றல் ஆகியவற்றைத் தனி மதிப்பெண்ணுடைய துணைப்பகுதியாக்கலாம். இம்மதிப்பெண்ணைச் சான்றாகக் கொண்டு ஒருவருக்கு இலகுபணியோ மேல்சிகிச்சையோ பரிந்துரைக்கப்படும் நிலையில், தமிழாக்கத்தின் குறை அவர்தம் உடலையும் ஊதியத்தையும் தாக்கும்.