‘பாலா’ ஆவணப்படமும் அதனைக் காணும் இடமும்

தஞ்சாவூர் பாலசரசுவதியின் (1918–1984) ஆடற்கலையைப் பற்றி எழுதுவோர், சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தைப் பெரும்பாலும் குறிப்பிடுவர். குறிப்பிடுவோருள் அதனைக் கண்டவர் எத்தனை பேர் என்பது வேறு வினா. ஆயர் குரோவில் பரதம் பயிலும் மாணவியர் சிலர் இப்படத்தை எங்குப் பார்க்கலாம் என வினவியபோது, எவரோ இணையத்தில் ஏற்றிவைத்த மங்கலான படி ஒன்றையே நம்மால் காட்ட முடிந்தது. கைப்பேசித் திரையில் அதனைக் கண்ட அவர்கள், “கடற்கரையில் காற்றுதான் ஆடுகிறது” என்றனர்.

இக்கூற்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குழந்தைக் கண்ணனை அழைக்கும் வியாசராயரின் கன்னடப் பாடலுக்குப் பாலா கடலோரத்தில் அபிநயம் பிடிக்கிறார்; சேலையைக் காற்று அலைக்கிறது. அப்பாடலில் தாயின் அழைப்பும் பொய்க்கோபமும் குழைவும் கண்ணிலும் புருவத்திலும் விரல்நுனியிலுமே நிகழ்கின்றன. மங்கிய படியில் முகம் வெறும் வெளுப்பாகிவிட, எஞ்சுவன அலையும் காற்றும் மட்டுமே. எனவே, மாணவியர் மதிப்பிட்டது ராயின் படத்தையா, படியின் பழுதையா என்னும் ஐயம் எழுகின்றது. எனினும் ராயை முற்றிலும் விடுவிக்கவும் நமக்கு மனமில்லை. அபிநயம் அண்மையை வேண்டுவது. எல்லையற்ற கடல்வெளி அதற்குப் பகையாகும். இறுதியில் வரும் வருணத்தில் இக்குறை இல்லை. அங்கு அடவின் உறுதியும் தாளக்கட்டும் மங்கலான படியிலுங்கூடப் புலனாகின்றன. அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ 58 என்பதை நினைக்க வியப்பே மேலிடுகிறது. பதினான்கு வயதில் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைக் கண்ட ராய், நாற்பதாண்டுகள் கழித்தே அவரைப் படமெடுத்தார். அவ்விளமை ஆட்டம் நமக்குக் கிட்டாமற் போனது இழப்பே.

மற்றொன்றும் கருதத்தக்கது. மும்பையிலுள்ள தேசிய நிகழ்த்துகலை மையத்துடன் தமிழ்நாட்டு அரசும் இணைந்து தயாரித்த படம் இது. ஆயினும் ராய் தம் குரலில் தரும் விளக்கவுரை ஆங்கிலத்தில் அமைந்துள்ளது. வீணை தனம்மாளின் பெயர்த்தியைப் பற்றிய செய்தியை, தமிழ் மட்டுமே அறிந்த நம் தோட்டப்புறப் பாட்டிமார் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும்.

தயாரிப்பாளரிடம் முறையாக இசைவு பெற்று, நல்ல படியொன்றை வருவித்து, தமிழ் விளக்கத்துடன் மலாக்காவில் பெருந்திரையில் காட்டுவது இந்திய ஆய்வியல் துறைகளால் இயலாததன்று. கடற்கரைக் காட்சியைப் பற்றி மேலே கூறிய குறையை, அத்தகைய படியைக் காணும்வரை இடைக்கால முடிவாகவே கொண்டுள்ளோம்.