பூச்சைக் காக்கும் மின்கம்பி வேலை

பெங்களூர் அடுகோடியில் ஓசூர் சாலையை ஒட்டிய உட்தெருக்களில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அடுக்குமாடி வீடுகளில் வசிப்பவர்கள், பழைய மின்கம்பிகளை மாற்ற வேண்டி வரும்போது, சுவர்ப் பூச்சைக் குலைக்காமல் வேலையை முடித்துத் தரும் எலக்ட்ரீசியனையே விரும்பித் தேடுகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானதே என்றாலும், எந்த எல்லை வரையில் நியாயமானது என்பது ஆராய வேண்டிய விஷயம்.

சிவசமுத்திரத்தில் 1902-இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கென்று உற்பத்தியாகத் தொடங்கி, 1905-இல் பெங்களூர் வீதிகளில் விளக்காக எரிந்த மின்சாரம், அதன்பின் நெடுங்காலம் சாதாரணக் குடும்பங்களில் விளக்குக்கும் விசிறிக்கும் மேல் அதிகமாக ஒன்றுக்கும் உபயோகப்படவில்லை. எழுபது எண்பதுகளில் கட்டியவர்கள் அந்தக் கணக்கிலேயே சுவருக்குள் கம்பி செல்லும் குழாய் புதைத்தார்கள். பல வீடுகளில் தாமிரத்துக்குப் பதிலாக அலுமினியக் கம்பியையே இழுத்தார்கள். அலுமினியம் திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும். அதன் மேல் படியும் ஆக்ஸைடு மின்னோட்டத்தைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்து இணைப்பைச் சூடாக்கும். இன்று அதே சுற்றில் 2000 வாட் கீஸரும், இண்டக்ஷன் அடுப்பும், ஏ.சி.யும் வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த நிலையில், பழைய கம்பியின் நுனியிலேயே புதிய தாமிரக் கம்பிகளைக் கட்டி, ஒருவர் ஒரு பெட்டியில் பவுடர் தூவி உள்ளே செலுத்த, மற்றொருவர் மறு பெட்டியிலிருந்து சீராக இழுத்து வாங்கும் முறை மெச்சத்தக்கது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டார் குடியிருந்தபடியே வேலை நடக்கிறது. முதியவர்களும் குழந்தைகளும் சிமெண்டுத் தூசியைச் சுவாசிக்க வேண்டியதில்லை. கொத்திய இடத்தை எவ்வளவு நேர்த்தியாக மூடிப் பட்டி பார்த்தாலும் தழும்பு தெரிகிற சங்கடமும் இல்லை. இவை அற்ப லாபங்கள் அல்ல.

ஆயினும் இம்முறையின் குறைகள் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருப்பதனாலேயே அவை அதிக அபாயமானவை. அக்காலத்து இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தால், இழுக்கும் வேகத்தில் புதிய கம்பியின் காப்புறை வளைவுகளில் கிழிபடும். கிழிந்ததை எவரும் பார்ப்பதில்லை. பழைய வீடுகளில் எர்த் கம்பி பெரும்பாலும் பவர் பிளக்கோடு நின்றுவிட்டிருக்கும். ஆகவே விளக்குப் புள்ளிகளுக்கும் எர்த், கீஸருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனிச் சுற்று என்று இன்றைய தேவையைக் கணக்கிட்டால், மூன்று கம்பிக்கென்று புதைத்த குழாயில் ஆறேழு கம்பி போக வேண்டியிருக்கும். குழாயின் உட்பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் கம்பி நிறையக் கூடாது என்பது பொறியாளர் கைக்கொள்ளும் வரம்பு. அந்த வரம்பு இடம் தராதபோது, சுவரைக் காக்கும் ஆர்வத்தில் எர்த்தையே விட்டுவிடுகிறவர்களும், கம்பியின் கனத்தைக் குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. இது சிக்கனமன்று, பூச்சுக்காக உயிரைப் பணயம் வைப்பது.

குழாய் இடம் தராத இடங்களில், சுவரின் மேலேயே பி.வி.சி. கேஸிங் கேப்பிங் பொருத்தி ஓட்டுவதே என் அபிப்பிராயத்தில் உத்தமமான வழி. அவலட்சணம் என்று அதை ஒதுக்குகிறார்கள். ஆனால் தேக்குச் சட்டங்களின் மேல் கம்பியைக் கிளிப்பால் நேர்கோடாகப் பதித்த பழைய கட்டடங்களைப் பார்த்தவர்கள், கூரையின் ஓரத்தையும் கதவு நிலையின் விளிம்பையும் ஒட்டிச் செல்லும் ஒழுங்கான பட்டை, அறைக்கு ஊறு செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். மூடியைக் கழற்றினால் கம்பி முழுவதும் கண்ணெதிரே இருக்கும். நாளை இன்னொரு சுற்று சேர்ப்பதும் எளிது. ஈரம் படியும் குளியலறையில் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது.

கொத்தியே தீர வேண்டிய இடங்களும் சில உண்டு. அங்கே பூச்சைவிடப் பெரிய கவலை செங்கல்லைப் பற்றியது. பாரம் தாங்கும் சுவரில் செங்குத்தான வெட்டு சுவரின் கனத்தில் மூன்றிலொரு பங்கையும், கிடைமட்ட வெட்டு ஆறிலொரு பங்கையும் தாண்டலாகாது என்று ஐ.எஸ். 1905 விதிக்கிறது, ஒன்பது அங்குலச் சுவரில் கிடைமட்டமாக ஒன்றரை அங்குலமே அனுமதி. சுவிட்சுக்கு நேர் மேலாகக் கட்டரால் இரு கோடு கீறி, இடையில் மட்டும் உளியால் எடுப்பவன் வீட்டைக் காப்பவன். தூரம் குறையட்டும் என்று குறுக்கே வெட்டிச் செல்பவன், நல்ல பட்டியால் மூடினாலும், கேடே செய்தவன்.

எம்முறையைக் கைக்கொண்டாலும், விசிறியைச் சுழலவும் விளக்கை எரியவும் வைத்துக் காட்டிக் கூலி பெற்றுக்கொள்வது போதாது. கிழிந்த காப்புறையோடும் விளக்கு எரியும். ஆகையால், இணைத்த சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சுற்றையும் காப்புறையைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரால் சோதித்து, ஒரு மெகோமுக்குக் குறையாத காப்பு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்து, அந்த அளவுகளையும் குழாய்கள் செல்லும் வழியையும் எழுதி சுற்றுகள் பிரியும் டி.பி. பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டித் தரும்படி, வேலை தொடங்குமுன்பே வீட்டார் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் அதே பேச்சில் அடங்க வேண்டும்.