வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்துட்டாங்கய்யா!

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், அப்புறம் என் வாயை மூட முடியாது. வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துவிட்டது. இப்போது நீங்கள் மாட்டினீர்கள்!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியில் 1850 வாக்கில் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு. இடித்தால் மரம் மரக்கடைக்கு, மிச்சம் குப்பைக்கு. அதுதானே வழக்கம்? தட்சிணசித்ராக்காரர்கள் அதை விலைக்கு வாங்கி, உத்திரம் உத்திரமாகக் கழற்றி, லாரியில் ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்துக் கைத்தொழில்காரர்களையே வரவழைத்து மறுபடி நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள்! வீடு மட்டும் பிழைக்கவில்லை சார், அதைக் கட்டத் தெரிந்த கையும் பிழைத்தது. எனக்குப் பைத்தியம் பிடித்ததே அந்த இடத்தில்தான்.

டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு செய்கிற வேலை இது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவம் கொடுக்க, பென்னி குரியாகோஸ் முன்னின்று கட்ட, 1996-ல் திறந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எல்லாம் ஒரே வளாகத்தில். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் நான் சட்டமாக உட்கார்ந்துவிட்டேன், ஒருத்தர் எழுப்பவில்லை! வழுவழுவென்ற தேக்குத் தூணைத் தடவித் தடவிப் பார்த்தேன், யாரும் கவனிக்காத நேரம் பார்த்துக் கட்டியும் பிடித்துக்கொண்டேன். சிரியுங்கள், பரவாயில்லை.

அப்புறம் அந்த ஆந்திரக் கடலோர வட்ட வீடு, சுட்டில்லு! மண் சுவர், தாழ இறங்கிய ஓலைக் கூரை. குனிந்து உள்ளே நுழைந்ததும் வெயில் பட்டென்று அறுந்து, ஓலை வாசனையும் மண்ணின் குளுமையும் மேலே வந்து அப்பிக்கொள்கிறது. ஏன் வட்டம் என்கிறீர்களா? புயல் காற்று மோதித் தள்ள ஒரு மூலை வேண்டாமா, இங்கே மூலையே கிடையாதே, சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடும், எந்தக் காலேஜிலும் படிக்காத ஜனங்கள் கண்டுபிடித்த வித்தை ஐயா இது என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து இழுத்துச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவரும் தொட்டார், அவர் முகமும் மலர்ந்துபோச்சு, அதற்குள் பக்கத்தில் குயவர் சக்கரம் சுற்றுகிற இடத்திலிருந்து பிள்ளைகள் கூச்சல், ஒரு வாண்டு முழங்கை வரை சேறோடு தான் வனைந்த கோணல் சட்டியைத் தூக்கிக் காட்டுகிறது, அந்தக் கோணல் சட்டிக்கு நான் கை தட்டினேன் பாருங்கள், அப்படித் தட்டினேன்!

மத்தியானம் வெயில் கொஞ்சம் வாட்டும்தான். அதனால் என்ன, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், ஓட்டு வீட்டில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால் அவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை. துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருக்கிறேன்!