செத்தால் என்ன போகும்?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு 2004இல் வந்தபோது சாவைச் சில்லறை விஷயமாக்கிவிட்டது. செத்தவர் ஆவியாக இடுகாட்டிலிருந்து ஓடிவந்து, தன் உடல் கிடக்கும் இடத்தில் எழுந்துகொள்ளலாம். கவசம் கொஞ்சம் தேயும், பழுதுபார்க்க நாலு காசு செலவாகும், அவ்வளவுதான். செத்தால் வலிக்க வேண்டும், அப்போதுதான் ஆட்டத்துக்கு அர்த்தம் என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் குறைபட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

மறுபாதியைப் புரிந்துகொள்ள 1999இல் வெளியான எவர்குவெஸ்ட்டைப் பார்க்கலாம். அங்கே ஆரம்ப காலத்தில் செத்தால் அனுபவப் புள்ளிகள் குறையும், லெவல்கூட இறங்கும். ஆயுதமும் கவசமும் பிணத்தோடு கிடக்கும். அவற்றை மீட்க, செத்த இடத்துக்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கொன்ற அரக்கன் அநேகமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பான். போய் மறுபடி செத்து, இன்னொரு பிணத்தையும் போட்டுவிட்டு, பிணத்தை வரவழைக்கும் மந்திரம் தெரிந்த நெக்ரோமான்சர் யாராவது கிடைப்பாரா என்று தேடி அலைவார்கள். முன்பின் தெரியாதவர் உதவிக்கு வருவதில் நட்புகள் முளைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தண்டனை பிடுங்கியது நேரத்தை. அலுவலகம் விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆட உட்காருபவருக்கு அன்றைய பொழுதே போயிற்று. குறைந்த புள்ளிகளால் வேறு யாருக்கும் காலணாப் பயன் இல்லை.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைனில் கணக்கே வேறு. விமானியின் உயிர் அங்கே மலிவு. குளோன் ஒன்றில் கண் விழித்துக்கொள்வார். விண்கப்பல் போனால் போனதுதான். பொருத்தியிருந்த கருவிகளில் பாதிபோல அழியும், மிச்சத்தைச் சுட்டவர் அள்ளிக்கொள்ளலாம். அந்தக் கப்பலைக் கட்டியவரும் பெரும்பாலும் இன்னொரு ஆட்டக்காரரே. ஒருவர் விண்கல்லை வெட்டுகிறார், ஒருவர் உருக்குகிறார், ஒருவர் கட்டி ஜிட்டா சந்தையில் விற்கிறார். உடைகிற ஒவ்வொரு கப்பலும் யாரோ ஒருவருக்கு அடுத்த ஆர்டர். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி தன் பகுதிக்கான கட்டணத்தைக் கட்டத் தவறியதில் மூண்ட பி-ஆர்5ஆர்பி சண்டையில் டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 நொறுங்கின. ஒரு டைட்டனைக் கட்ட வாரக்கணக்கில் ஆகும். அழிய முடியாத கப்பல்களாக இருந்திருந்தால் அந்தச் சண்டையைப் பற்றி இன்றைக்கு யார் பேசப்போகிறார்கள்?

அதே ஈவில் வீண் தண்டனை ஒன்றும் இருந்தது. குளோனை உரிய தரத்துக்கு உயர்த்தாமல் செத்தால், நிஜ நாட்கள் காத்திருந்து சேர்த்த திறன் புள்ளிகள் கரையும். 2014 டிசம்பரில் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆட்டம் சப்பென்று ஆகிவிடவில்லை. எவர்குவெஸ்ட்டின் புள்ளி இழப்பும் இதே ரகம்தான்.

ஈவைக் கொண்டாடுபவர்கள் மழுப்பும் இடம் ஒன்று உண்டு. பெரிய கூட்டணிகள் போரில் போன கப்பலுக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கொடுக்கின்றன. தனியாகப் பறக்கும் புதியவருக்கு அப்படி யாரும் இல்லை. பாதுகாப்பான பகுதியிலும் மலிவான கேட்டலிஸ்ட் கப்பல்களில் கும்பலாக வந்து சரக்குக் கப்பலைச் சுட்டுவிடுவார்கள். காவல் படை வந்து அவர்களைச் சுக்குநூறாக்கும், ஆனால் அதற்குள் சரக்குக் கப்பல் போயிருக்கும். அதையும் கணக்குப் போட்டுத்தான் வருகிறார்கள். நிஜப் பணத்துக்கு வாங்கும் பிளெக்ஸ் என்ற டோக்கன்கள் 74ஐ 2010இல் ஒருவர் கெஸ்ட்ரல் என்ற சின்னக் கப்பலில் ஏற்றிப் போய், ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ளதைச் சில நொடிகளில் பறிகொடுத்தார். அசட்டுத் துணிச்சல்தான். ஆனால் நிஜப் பணம் உள்ளே வந்த பிறகு, இழப்பை வெறும் ஆட்டம் என்று தோள் குலுக்கிவிட முடியாது.

வார்கிராஃப்ட்டே 2023இல் தன் கிளாசிக் பதிப்பில் ஹார்ட்கோர் சர்வர்களைத் திறந்தது. அங்கே ஒரு முறை செத்தால் அந்த கேரக்டரின் ஹார்ட்கோர் வாழ்வு முடிந்தது. வேண்டுமானால் சாதாரண சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். தெரிந்தே, விரும்பியே உள்ளே போகிறார்கள் என்பதால் இதில் குறை சொல்ல அதிகமில்லை. விதி அசைந்துகொடுத்தது 2025 மார்ச்சில்தான். சர்வர்கள் மீது நடந்த இணையத் தாக்குதலில் ஆட்டம் முடங்க, பிரபல ஸ்ட்ரீமர்கள் இருந்த கில்டின் கேரக்டர்கள் மடிந்தன. அப்படிச் செத்தவர்களை எழுப்பித் தருவதாக ஆட்டத்தை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் அறிவித்தது. சரியான முடிவுதான். ஆனால் சொந்த வீட்டு இணைப்பு அறுந்து செத்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது.