நிலவறைத் தரையில் ஒரு குழி

வட அமெரிக்க வீடுகளின் நிலவறைத் தரை பெரும்பாலும் 4 அங்குலக் காங்கிரீட்தான். அதன் கீழே ஜல்லி, அதற்கும் கீழே மண். பனி உருகும் மாதங்களில் நிலத்தடி நீர் ஏறி விரிசல் வழியே கசியும். அதைத் தேக்கி வெளியேற்றவே தரையின் தாழ்ந்த மூலையில் குழி வெட்டுகிறார்கள். சுவரை ஒட்டி வெட்டக் கூடாது. அஸ்திவாரத்தின் விளிம்பு தரைக்கடியில் நீண்டிருக்கும்.

வைர விளிம்புள்ள ரம்பத்தை நீர்விட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். உலர்வாக அறுத்தால் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அறுத்த கோட்டுக்குள் பிரேக்கரால் உடைத்து, இரண்டடிக்குச் சற்று மேல் தோண்டி, துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டியை இறக்கிச் சுற்றிலும் கழுவிய ஜல்லி கொட்டுவார்கள். மண் கலந்த ஜல்லி துளைகளை அடைத்துவிடும்.

தொட்டிக்குள் வைக்கும் பம்பை மிதவை இயக்குகிறது: நீர் ஏறினால் ஓடும், இறங்கினால் நிற்கும். வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு இல்லையெனில் தள்ளிய நீரில் ஒரு பகுதி திரும்பி வரும். வேலையின் நயமெல்லாம் அந்த வால்வுக்குக் கீழே போடும் சிறு துளையில்தான். பம்புக்குள் சிக்கிய காற்று அதன் வழியே வெளியேறாவிட்டால் மோட்டார் நீரைத் தள்ளாமல் வெறுமனே சுழலும். பம்பு ஓடும்போது அந்தத் துளையிலிருந்து நீர் பீச்சும்; அது ஒழுகல் அல்ல. கடைசியில் தொட்டியின் விளிம்பைச் சுற்றிப் புதுக் காங்கிரீட் போட்டு, வாளி வாளியாக நீரூற்றிச் சோதிப்பார்கள்.