செல்லாது என்று தெரிந்தே எழுதும் ஷரத்து

இணைய ஒப்பந்தங்களில் ‘இன்ன நாட்டுச் சட்டமே பொருந்தும்’ என்று வரும் ஷரத்தைக் குறை சொன்னால் வழக்கறிஞர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள்: உள்ளூர்ச் சட்டம் தரும் பாதுகாப்பை அது பறித்தால் நீதிமன்றம் சும்மா விடாது, அதனால் நுகர்வோருக்கு இழப்பில்லை. தீர்ப்புகளை மட்டும் படித்தால் சரிதான். பல நாடுகளில் விற்பவருக்கு ஒரே சட்டம் வசதி, வணிகர் இருவருக்குள் அது நியாயமும்கூட.

ஆனால் நீதிமன்றப் படி ஏறுவதற்கு வெகு முன்பே அந்த ஷரத்து தன் வேலையை முடித்துவிடுகிறது. ஓடாத கணினி விளையாட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் ஓர் ஆஸ்திரேலியர். அவர் அதை வாங்கிய ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தமோ பணம் திரும்பாது என்றது, பொருந்துவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டம் என்றது. சில பத்து டாலருக்காக யார் வழக்காடுவார்? 2014-இல் வழக்குத் தொடுத்தது வாங்கியவர்கள் அல்ல, ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் ஆணையம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், தான் ஆஸ்திரேலியாவில் தொழிலே நடத்தவில்லை என்றுகூட வாதாடிப் பார்த்தது. 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம், அதன்மேல் மேல்முறையீடு என்று இழுத்து, 2018-இல்தான் ஓய்ந்தது. அரசு அமைப்புக்கே இந்தப் பாடு.

ஐரோப்பாவில் லக்சம்பர்க் சட்டமே பொருந்தும் என்ற அமேசானின் ஷரத்தை எதிர்த்ததும் ஆஸ்திரிய நுகர்வோர் சங்கமே. வாங்குபவருக்கு அவர் நாட்டுச் சட்டத்தின் கட்டாயப் பாதுகாப்பும் உண்டு என்பதைச் சொல்லாமல், லக்சம்பர்க் சட்டம் மட்டுமே என்று அவரை நம்பவைக்கும் ஷரத்து நேர்மையற்றது என்று 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. நோயைச் சரியாகக் கண்டார்கள், மருந்துதான் உப்புச்சப்பில்லாதது. ‘நீங்கள் வசிக்கும் நாட்டின் கட்டாய விதிகளும் பொருந்தும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும் என்றாகிவிட்டது. எவை கட்டாய விதிகள்? சட்டம் படித்தவர்களே மோதிக்கொள்ளும் கேள்வியை வியன்னாவில் சலவை இயந்திரம் வாங்கியவர் தலையில் கட்டுவது என்ன பாதுகாப்பு?

வாங்குபவரின் நாட்டுச் சட்டம் தரும் கட்டாயப் பாதுகாப்பை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு ரோம் ஒழுங்குமுறையே சொல்லிவிட்டது. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அதைப் படிக்காதவர்கள் அல்ல. படித்தும் எழுதுகிறார்கள் என்றால் நீதிபதியை மனத்தில் வைத்து எழுதவில்லை, வாடிக்கையாளரை வாசலோடு திருப்பி அனுப்பவே எழுதுகிறார்கள்.

நாட்டுக்கு நாடு சட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது நிறுவனங்கள் சொல்லும் சாக்கு. வரிக்கு மட்டும் அது முடிகிறது. 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்னணுச் சேவை விற்பவர், வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து அந்த நாட்டு விகிதப்படி மதிப்புக் கூட்டு வரி வசூலிக்க வேண்டும். வாங்குபவரின் நாட்டை வரிக்காகக் கண்டுபிடிக்கிற அதே கணினி, அவருடைய உரிமை என்று வந்தால் மட்டும் லக்சம்பர்க்கையே காட்டுகிறது.