எதைப் போல இருக்கிறது என்று கேட்காதீர்கள்

அரூப மரச்சிற்பத்தின் முன் நிற்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, ‘இது எதைப் போல இருக்கிறது?’ என்பது. கேள்வியில் தவறில்லை. சங்கு, அலை, விதை என்று ஒரு விடை கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் சிக்கல். இயற்கையிலிருந்து ஊக்கம் பெற்ற நல்ல சிற்பி உருவங்களை நகலெடுக்க மெனக்கெடுவதில்லை. அந்த உருவங்களை உண்டாக்கும் வேலைகளை, அதாவது வளர்வதை, அரிபடுவதை, சுருள்வதை, இழுபடுவதை மரத்தில் நடத்திக் காட்டுகிறார். ஆகவே ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்று கேட்டுப் பார்ப்பதே ரசனைக்கு வழி.

இங்கிலாந்தின் பார்பரா ஹெப்வொர்த் 1946இல் செய்த ‘பெலகோஸ்’ (கிரேக்கத்தில் ‘கடல்’) இதற்கு நல்ல சான்று. 1939இல் அவர் கார்ன்வால் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே விரிகுடாவை இருபுறமும் நிலம் அணைத்துக் கிடக்கும் காட்சியிலிருந்து பிறந்தது இந்தச் சிற்பம். உயரம் அரை மீட்டர்கூட இல்லை. எல்ம் மரத்தைக் குடைந்து, இரண்டு கரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சுருள்வதுபோலச் செதுக்கியிருக்கிறார். உட்புறத்துக்கு வெளிர்நீலம் பூசி, இரு கரங்களுக்கும் இடையே நரம்புகளை இழுத்துக் கட்டியிருக்கிறார். நீரின் ஆழத்தையும் நிழலையும் உணர்த்தவே வண்ணம் என்றும், கடலுக்கும் காற்றுக்கும் மலைக்கும் தனக்கும் நடுவே உணர்ந்த இழுவிசையே நரம்புகள் என்றும் அவரே விளக்கியிருக்கிறார். இதில் அலையின் படம் எங்கும் இல்லை. அணைப்பும் ஆழமும் இழுப்பும் இருக்கின்றன.

அடுத்து மரத்தின் ரேகைகளைக் கவனியுங்கள். ஆண்டு வளையங்கள் அடிமரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருப்பவை. உளி அவற்றைச் சாய்வாகவும் வளைவாகவும் வெட்டும்போது, வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள்போல, மேடு பள்ளத்தைச் சுற்றி ரேகைகள் விரிகின்றன. எங்கே ரேகை நெருங்குகிறது, எங்கே அகல்கிறது என்று பின்தொடர்ந்தால் வளைவின் வேகம் பிடிபடும். மரத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் காரணம் உண்டு. எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் எளிதில் பிளக்காது. வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கு ஐரோப்பியர் அதைப் பயன்படுத்தியது இதனால்தான். இப்படித் துணிந்து குடைய ஏற்ற மரம் அது.

‘கடலும் ஆறும் அரித்து ஒதுக்கிய கட்டையே இதைவிட அழகாக இருக்கிறதே, சிற்பி எதற்கு?’ என்று கேட்கலாம். ஒதுங்கிய கட்டையும் அழகுதான். ஆனால் அதில் எந்தப் பள்ளமும் மற்றொரு மேட்டை எண்ணி அமைந்ததில்லை. ஹெப்வொர்த் 1954-55இல் நைஜீரிய குவாரியா மரத்தில் செய்த ‘கொரிந்தோஸ்’ சிற்பத்தில் வெளிப்புறம் மெருகேறிய பழுப்பு, குடைந்த உட்புறம் வெள்ளை. வெளியே ஒளி வழுக்கிச் செல்கிறது, உள்ளே தங்குகிறது. இந்த எதிர்நிலை தற்செயலாக அமைவதில்லை, ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவுகளைப் படிப்பதுதான் ரசிப்பது.

‘பெலகோஸ் என்ற தலைப்பு இல்லாவிட்டால் யாருக்குக் கடல் தெரியும்? எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமே’ என்பது இன்னொரு மறுப்பு. பாதி நியாயம் அதில் உண்டு. தலைப்பை மறைத்தால் கடல் மறையக்கூடும். ஆனால் சுருளும் இரு கரங்கள், உள்ளே குளிர்ந்த நிறம், விறைத்த நரம்பு என்பவை மறையா. அவற்றோடு பொருந்தாத விளக்கம் எதுவும் நிற்காது. கடலைத் தவிர்த்துக் கருப்பையைச் சொன்னாலும் அணைப்பைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அரூபம் பல வாசிப்புகளுக்கு இடம் தருகிறது. எல்லா வாசிப்புக்கும் அல்ல.

அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் தொட விடமாட்டார்கள். அதனால் கண்ணால் தடவிப் பார்க்கப் பழகுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் சிற்பத்தை முழுவதும் சுற்றிவாருங்கள், துளை வழியே மறுபுறத்தைப் பாருங்கள், குனிந்தும் பாருங்கள். புகைப்படம்தான் கிடைத்ததென்றால் ஒன்றோடு நிறுத்தாமல் வெவ்வேறு கோணங்களில் எடுத்தவற்றைத் தேடுங்கள். பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள்.